பாதித் தலைச் சாயம்

முடிச்சாயத்தின் நெடி மூக்கில் ஏறியபோதுதான் உறுப்பினரம்மாவுக்குத் தன் தப்புப் புரிந்தது. தெருவே வாயாடி என்று கூப்பிடும் அந்தப் பெண் தன் பேச்சைக் கேட்காமல் ஓடிவிடக் கூடாதென்று, அவள் வேலை செய்யும் அழகு நிலையத்துக்கே வந்திருந்தாள். இப்போது நாற்காலியில் மாட்டிக்கொண்டது இவள்தான். தலையில் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு.

இரண்டு முறை வார்டு உறுப்பினராக இருந்தாயிற்று. மூன்றாவது முறைக்கு உடம்பும் இல்லை, மனசும் இல்லை. நாளைக்குள் வேறு யாரும் வேட்புமனு போடாவிட்டால், சாலை ஒப்பந்தக்காரரின் மைத்துனன் போட்டியே இல்லாமல் வந்து உட்கார்ந்துவிடுவான். இளசுகளாகப் பார்த்துப் படியேறிக் கேட்டாள். ஒருத்தன் பரீட்சை என்றான். ஒருத்தி வெளிநாடு என்றாள். மிச்சம் இந்த வாயாடி. தண்ணீர் வராத நாளில் தெருவையே திரட்டி வந்து, இவள் வீட்டு வாசலில் நின்று கிழிகிழியென்று கிழித்தவள். தன்னை அதிகம் திட்டுகிறவளே தன் இடத்துக்குச் சரி என்று உறுப்பினரம்மாவுக்கு ஒரு நினைப்பு.

“நில்லுடி. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“ஆளை விடுங்கம்மா.”

“என்ன பயம்? உன் வாய்க்கு முன்னாடி அவன் நிப்பானா?”

“அவனைப் பாத்து யாரு பயந்தா?” தூரிகை நின்றது. “உங்களைப் பாத்துதான். மொத தடவை ஜெயிச்சப்போ நீங்களும் என்னை மாதிரிதான் கத்துனீங்க. இப்போ...”

முடிக்கவில்லை. உறுப்பினரம்மாவின் போன் அடித்தது. அவள் காதோரமெல்லாம் சாயம். வாயாடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

“தெருவிளக்கு எரியலன்னு எத்தனை தடவை சொல்றது? எங்க மாமனார் இருட்டுல விழுந்து கையை உடைச்சுக்கிட்டாரு. ஓட்டு கேக்க மட்டும் வாய் நிறைய சிரிக்கத் தெரியுதுல்ல?”

“பாக்கறேம்மா.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க!”

“பாக்கறேம்மா.” தூக்கத்தில் புரண்டு படுப்பவளின் முனகல் போலிருந்தது குரல்.

வாயாடிக்குப் பொறுக்கவில்லை. “இப்படிச் சொன்னா அந்தக்கா என்னதான் பண்ணும்?”

“நீதான் சொல்லேன்.” தூண்டில் போடவில்லை, நிஜமாகவே அலுத்துப்போய்ச் சொன்னாள்.

வாயாடி கறை படிந்த கையுறையோடே போனை எடுத்தாள். “அக்கா, எந்தக் கம்பம்? இருங்க, இங்க சரியா கேக்கல.” கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

கதவுக்கு அப்பால் அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. திட்டுகிறாளா, திட்டு வாங்குகிறாளா, தெரியவில்லை. உச்சந்தலை அரித்தது. கழுவிவிட ஆள் இல்லை. உறுப்பினரம்மா பின்னால் சாய்ந்தாள். கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. ஒரு சொட்டுக் கறுப்பு நெற்றி வழியாகப் புருவத்துக்கு இறங்கியது. துடைக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.