நேற்றைய காற்று

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் மனைவி லோகநாயகியுடையது. செய்யூர் கடற்கரையில் ஒரு சிறிய சரக்குத் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தாள். துறைமுகத்தின் பெயரைச் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

2008 ஜூன். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில்—

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த லோகநாயகி சொன்னாள்: "கடல எதுக்குக் கொந்தளிக்க வுட்றீங்க? அன்னிக்கு நல்ல வெயிலு. காத்து மட்டும்தான்."

(அடித்துவிட்டேன்.)

2

காற்று அளவு மீறினால் கிரேனில் மணி அடிக்கும். அன்று அடிக்கவில்லை. திரையில் மெல்லிய காற்று. ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்கள் வளைந்து ஆடின. லோகநாயகி முந்தைய நாள் பதிவைத் திறந்து பார்த்தாள். அதே எண்கள், அதே வரிசையில். யாரோ வெளியிலிருந்து கணினிக்குள் புகுந்து, நேற்றைய காற்றை இன்றைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிரேனில் துரை. கொக்கியில் இருபது டன் பெட்டி. அடியில் எல்லப்பனின் லாரி.

வேலையை நிறுத்தவேண்டும் என்றாள். மேலாளர் ஜெகதீசன் திரையைக் காட்டினார். "எல்லாம் பச்சையாத்தானம்மா கீது? கப்பல் காத்துகினு கீது. நிறுத்துனா நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன் சார்."

வாக்கிடாக்கியை எடுத்தாள். "எல்லப்பண்ணே, லாரிய எடு. இப்பவே. துரை, ஸ்கிரீன நம்பாத. பெட்டிய மெதுவா தரையில எறக்கு."

லாரி நகர்ந்தது. அடுத்த காற்றில் பெட்டி ஆடிச் சாய்ந்து, லாரி நின்றிருந்த இடத்தில் மோதி இறங்கியது.

3

'அவள் கொஞ்சமும் கலங்கவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"வாக்கிடாக்கி பட்டன மொதல்ல தப்பா அமுக்குனேன். அத எழுதுங்க."

ஜெகதீசனை வில்லனாக்கவும் விடவில்லை. "பாவம், அப்புறம் கம்ப்யூட்டருக்குப் பின்னால இருந்த இன்டர்நெட் கேபிள மொத்தமா புடுங்குனது அவருதான்."

 

4

முடிவுதான் சிக்கல். குற்றவாளி பிடிபடுவதாக ஒன்று எழுதினேன். பொய். பழுதுபார்க்க வெளியூரிலிருந்து கணினியோடு இணைவதற்கென்று விட்டிருந்த வழி திறந்தே கிடந்ததைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். புகுந்தவர் யாரென்று தெரியவில்லை.

அவளுக்கு விருது கொடுப்பதாக இன்னொன்று. அவளே சிரித்துவிட்டாள்.

நடந்தது இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லப்பன் கருங்குழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார், மனைவி சந்திரம்மாவோடு, ஒரு பை வேர்க்கடலையோடு. நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மூன்று பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

"இன்னா சொன்னாரு?"

"அது எனக்குச் சொன்னதுங்க."

பதினாறு தடவை கேட்டுவிட்டேன். சொல்லமாட்டேன் என்கிறாள். எல்லப்பனின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நான் படிக்கமாட்டேன்.