சாண்ட்விச் படகு

ஒரே நாளில் இரண்டு பந்தயம் ஓட்டச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கேம்பிரிட்ஜில், செயின்ட் வெரீனா கல்லூரிப் பெண்களின் இரண்டாவது படகுக்கு அந்த ஜூன் வாரம் முழுக்க அதுதான் தலையெழுத்து. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, முன்னால் இருப்பதைத் துரத்தி முட்டும் பந்தயம் அது. நாலாவது டிவிஷனில் முதல் படகு அவர்களுடையது. மதியம் அந்த டிவிஷனின் தலையில் நின்று, பின்னால் வருகிறவர்களிடம் முட்டு வாங்காமல் முழுத் தூரமும் ஓட்ட வேண்டும். மூச்சு அடங்கி ஒரு வாழைப்பழம் தின்பதற்குள், மூன்றாவது டிவிஷனின் வாலில் போய் ஒட்டிக்கொண்டு, முன்னால் நிற்கும் படகைத் துரத்தி முட்ட வேண்டும். முட்டினால் மேலே போகலாம். இல்லாவிட்டால் மறுநாளும் இதே இரட்டை உழைப்பு. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டதற்கு சாண்ட்விச் படகு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் ஒரு நாளும் அதில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

படகின் தலைவி டாம்சினுக்கு இது கடைசி வருஷம். போவதற்குள் படகை மூன்றாவது டிவிஷனில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இந்தப் பந்தயத்தில் யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை. போன வருஷத்துப் பெண்கள் விட்டுப்போன இடத்தில்தான் இந்த வருஷத்துப் பெண்கள் வந்து நிற்க வேண்டும். யாரோ தோற்றதை யாரோ சுமக்கிற ஏற்பாடு. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குளிர்காலம் முழுக்க விடியற்காலையில் எழுந்து வந்து பழகிய முதல் வருஷத்துப் பெண்கள் மூன்று பேரை ஏப்ரலில் இறக்கிவிட்டு, அனுபவமுள்ள கடைசி வருஷத்துக்காரிகளாகப் பார்த்து ஏற்றினாள். அவர்களில் மாரன் என்ற பெண் மட்டும் அழுதாள். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு டாம்சின் அதை மறந்தும்போனாள்.

மூன்று நாளும் முன்னால் நின்றது ஆஷ்வெல் ஹால் படகு. முதல் நாள், டாம்சினுக்குப் பின்னால் உட்காரும் ஊனாவின் துடுப்பு தண்ணீரில் சிக்கிக்கொண்டது. இரண்டாம் நாள் வளைவில் இவர்கள் படகு கரைப்பக்கம் போய்விட்டது. மூன்றாம் நாள் ஒரு முழம் இருக்கும்போது எல்லைக்கோடு வந்து தொலைத்தது.

நாலாம் நாள், முதல் பந்தயத்தை முடித்துவிட்டு வியர்வையோடு திரும்பியபோது, கரையில் ரோசலிண்ட் நின்றிருந்தாள். தொண்ணூற்றொன்றில் இதே படகை ஓட்டியவள். ஒவ்வொரு ஜூனிலும் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் பிம்ஸ் மதுக் கோப்பையோடு வந்துவிடுவாள்.

“நாங்க விட்டுட்டுப் போனப்போ இது ரெண்டாவது டிவிஷன்ல இருந்துச்சும்மா. எப்படித்தான் இவ்வளவு கீழ இறக்குனீங்களோ!”

“நாங்க பொறக்கறதுக்குள்ளயே பாதி இறங்கியாச்சு மேடம்” என்றாள் டாம்சின்.

“வாய் மட்டும் நல்லா ஓடுது” என்று ரோசலிண்ட் சிரித்தாள்.

துடுப்புப் போடுகிறவர்களுக்கு முதுகுதான் முன்பக்கம். துரத்துகிற படகு அவர்கள் கண்ணில் படாது. சுக்கான் பிடிக்கும் பிரையனி ஒருத்திதான் முன்னால் பார்க்க முடியும். அவள் சொல்வதுதான் வேதம். டாம்சின் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். டாம்சினின் வேகம்தான் பின்னால் இருக்கும் ஏழு பேருக்கும் வேகம்.

இரண்டாவது பந்தயத்துக்கான பீரங்கி வெடித்தது.

“ஒரு படகு தூரம்!” என்று பிரையனி கத்தினாள். “நெருங்கிட்டோம்டி, விடாதீங்க! அரைப் படகு!”

கரையில் சைக்கிளில் வந்த பையன்கள் விசிலைப் பிய்த்து எடுத்தார்கள். டாம்சினுக்கு நெஞ்சு எரிந்தது. கை தன்னுடையதாகவே இல்லை.

“கால் படகு! இன்னும் பத்து இழுப்பு! அவ்வளவுதான்டி!”

அப்புறம் பிரையனி வாயை மூடிக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு?” என்றாள் டாம்சின், இழுப்பை நிறுத்தாமல்.

“ஆஷ்வெல்காரிங்க முன்னாடி இருந்தவங்கள முட்டிட்டாங்க.”

முட்டியவர்களும் முட்டப்பட்டவர்களும் கரையோரம் ஒதுங்கிவிட வேண்டும். டாம்சினின் படகுக்கு முன்னால் யாரும் இல்லை. வரிசையில் கடைசிப் படகு என்பதால் பின்னாலும் யாரும் இல்லை. ஆனாலும் எல்லைக்கோடு வரை ஓட்டியாக வேண்டும்.

நாலு நாளாகத் துரத்திய பெண்களின் முகத்தை டாம்சின் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். வெற்றி அடையாளமாக வில்லோ மரக் கிளையை ஒடித்துத் தலையில் செருகிக்கொண்டு கட்டிப்பிடித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கடந்து போகையில் மரியாதையாகக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

“மெதுவாப் போலாம்டி. யார் பாக்கப்போறா?” என்றாள் ஊனா, முதுகுக்குப் பின்னாலிருந்து.

டாம்சின் வேகத்தைக் கூட்டினாள். எட்டாவது பந்தயம் ஓட்டிக் களைத்தவர்கள் திட்டிக்கொண்டே கூட இழுத்தார்கள். வேறு வழி? எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒருத்தி தண்ணீரில் வாந்தி எடுத்தாள். “யாரைத் துரத்துனோம்? சொல்லு, யாரை?” என்று ஊனா கேட்டாள். டாம்சினுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

படகுக் கொட்டகை வாசலில் கல்லூரிப் படகுச் சங்கத் தலைவன் ஆலஸ்டர் காத்திருந்தான். “நாலு நாளும் யார்கிட்டயும் முட்டு வாங்கலையே, அதுவே பெருசு” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, “சரி, அடுத்த வருஷம் இந்தப் படகுக்கு யாரு தலைவி? டின்னர்ல பேரைச் சொல்லணும்” என்றான்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“ஊனா?”

“எனக்கு லண்டன்ல வேலை கெடச்சிருச்சு.”

“தலைவி அப்புறம் பாத்துக்கலாம். அடுத்த வருஷம் இதுல ஓட்டப்போறவங்க மட்டும் கை தூக்குங்க.”

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரையனியும் சேர்த்து ஒன்பது பேருமே அந்த மாதம் கல்லூரியை விட்டுப் போகிறவர்கள்.

கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்ற ரோசலிண்ட், “எங்க கூட்டமும் ஒண்ணாத்தான் போனோம்” என்றாள் உற்சாகமாக. “மறு வருஷம் வந்த பொண்ணுங்க பாவம், நாலு நாளும் முட்டு வாங்குனாங்களாம்.”

டாம்சின் அவளை முறைத்தாள். பிறகு ஆலஸ்டரிடம் திரும்பினாள்.

“மாரன் இருக்காளே. நல்லா ஓட்டுவா. அவகிட்ட நானே பேசறேன்.”

“நான் போன வாரமே கேட்டுட்டேன்” என்றான் ஆலஸ்டர். “நல்லா ஓட்டுவேன்னு தெரிஞ்சுதான் டாம்சின் எறக்கிவிட்டாளான்னு திருப்பிக் கேட்டா.”