செத்தவன் எழுதிய பரீட்சை

சங்கிலிக்குப் பன்னிரண்டு கணக்கில் ஒன்றுகூட வரவில்லை என்று பத்திரிகையில் அச்சாகியிருந்தது.

சங்கிலி செத்து ஐந்து மாதமாகிறது.

அதை வாய்விட்டு வாசித்தவள் அவன் அக்கா பாண்டியம்மாள். சேரிப் பிள்ளைகளுக்கான ஆனையூர் லேபர் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் படிக்கிறவள். வாசலில் நின்று கேட்டவள் இருவரையும் பெற்ற ராமக்காள். களை வெட்டிவிட்டு, மண் காயாத கையோடு மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"மறுபடி வாசி," என்றாள் ராமக்காள்.

"சங்கிலி. வயது பத்து. மூன்றாம் வகுப்பு. கொடுத்த கணக்கு பன்னிரண்டு. சரியாகச் செய்தது பூஜ்யம். ஆனையூரில் பரீட்சித்த நாள், 1937 மார்ச் பன்னிரண்டு."

ராமக்காள் வாத்தியார் சோணைமுத்துவைப் பார்த்தாள். "ஐப்பசியில வாந்திபேதியில போனவன் எப்புடிண்ணே மாசியில பரீட்சை எழுதுனான்?"

சோணைமுத்து பத்திரிகையை வாங்கிப் புரட்டினான். "அச்சுப் பிழையா இருக்கும். வேற ஏதாச்சும் ஊரு சங்கிலியா இருக்கும்."

"ஆனையூருன்னுதான் போட்டுருக்கு சார்," என்றாள் பாண்டியம்மாள்.

அவளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்ததே சோணைமுத்துதான். அன்றைக்கு அதற்காக வருத்தப்பட்டான்.

அந்தப் பத்திரிகையின் பெயர் 'போதனா விளக்கம்'. எட்டுப் பக்க மாத மடல். எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஏறுகிறது, எந்த ஊரில் எதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று கல்வி ஆராய்ச்சிகளைத் திரட்டி வாத்தியார்களுக்கும், பள்ளிக்கூடங்களின் தலையெழுத்தை எழுதுகிற கல்விக் கமிட்டி மெம்பர்களுக்கும் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள். சோணைமுத்து அதை வேதவாக்காக நம்பியவன். மணலில் எழுதப் பழக்கியது, புளியங்கொட்டை வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அதைப் படித்துத்தான்.

இந்த மாதம் ஐந்தாம் பக்கத்தில் 'தொழிலாளர் சிறுவரின் கணிதத் திறன்: ஓர் ஆராய்ச்சி'. எழுதியவர் மடலின் பத்திராதிபர் வெள்ளைத்துரை, எம்.ஏ., எல்.டி. ஆனையூரில் மட்டும் நாற்பத்திரண்டு பிள்ளைகளை நேரில் பரீட்சித்தாராம். மாதிரிக்கு ஐந்து பேரின் விவரம் கொடுத்திருந்தார். கடைசியில் முடிவு: 'இவ்வகுப்பாரின் மூளை இரண்டாம் வகுப்புக்கு மேல் தாங்காது. நான்கு, ஐந்தாம் வகுப்புகளை எடுத்துவிடுவதே அவர்களுக்கும் நலம்.'

கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது. ஒவ்வொரு மெம்பர் கையிலும் இந்த மடல் இருக்கும். வகுப்புப் போய்விட்டால் பாண்டியம்மாள் மறுநாளே களைக்கொட்டு பிடிப்பாள்.

வெள்ளைத்துரை ஆனையூரில் கால் வைத்ததே கிடையாது. மார்ச் பன்னிரண்டிலும் இல்லை, வேறு எந்த நாளிலும் இல்லை.

அப்படியானால் சங்கிலி என்ற பெயர் அவருக்கு எங்கே கிடைத்தது?

சோணைமுத்துவுக்குத் தெரியும். பட்டியலில் நாற்பது பிள்ளை இருந்தால்தான் நான்காம் ஐந்தாம் வகுப்பு நடத்தலாம் என்று விதி. அவனிடம் வந்தது இருபத்தொன்பது. நாற்பத்திரண்டாகக் காட்ட மீதிப் பதின்மூன்று பெயரையும் ஆஜர்ப் புத்தகத்தில் அவனே நிரப்பி வைத்திருந்தான். ஊரைவிட்டுப் போனவன், பிறக்கவே பிறக்காதவன், செத்தவன். மாதம் ஒரு நகல் கமிட்டி ஆபீசுக்குப் போகும். அங்கிருந்துதான் வெள்ளைத்துரை பெயர்களை அள்ளியிருக்கிறார்.

சங்கிலியின் குழியில் ஒரு பிடி மண் போட்டவன் சோணைமுத்து. மறுநாள் காலை புத்தகத்தைத் திறந்து அவனுக்கு 'ஆஜர்' போட்டான். அப்படிப் போட்ட கையை இப்போது பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மடல் வாசித்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டு மதுரைக்கு நடந்தான்.

முனிச்சாலையில் முகைதீன் பிச்சையின் அச்சுக்கூடம். மடல் அச்சாவது கீழே. வெள்ளைத்துரையின் அறை மாடியில். ஏறிப் போனபோது பகல் ஒரு மணி. வெள்ளைத்துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜை மேல் வாழையிலை, இலை முழுக்க ஆட்டெலும்பு. மோவாயில் எண்ணெய் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியிருந்தது.

"யாரு, ஆனையூரா? வா. உக்காராத, சாப்புடுற நேரம். நின்னுக்கிட்டே சொல்லு."

"ஐயா, எங்க பள்ளிக்கூடத்துக்கு நீங்க வரவே இல்லையே."

"வந்தா என்னத்தப் பாத்திருப்பேன்?" எலும்பின் ஒரு முனையை உறிஞ்சி முடித்து மறுமுனைக்குத் திருப்பினார். "இருவத்தஞ்சு தலை. மிஞ்சிப்போனா முப்பது. நாப்பத்திரெண்டு எங்க இருக்கு? நீ பேரு போட்ட, நான் மார்க்குப் போட்டேன். இதுல யாரு யாரக் கேக்குறது?"

"சங்கிலி செத்துட்டான்யா."

"அப்பப் பூஜ்யம் சரிதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லிடுக்கில் ஒரு நரம்பு தொங்கியது. நகத்தால் அதை இழுத்தெடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

"இங்க பாருப்பா. கமிட்டிக்குச் செலவக் குறைக்கணும். சும்மா குறைச்சா நாலு பேரு கேப்பான். ஆராய்ச்சி சொல்லுதுன்னா எவன் கேப்பான்? உன் வேலைக்கு ஒண்ணும் வராது. ரெண்டாப்பு வரைக்கும் ஓட்டிக்கிட்டு இரு."

"புள்ளைக என்னங்கய்யா ஆகும்?"

"என்ன ஆகும், முன்னால என்ன ஆச்சோ அதான்." கை துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை. மேஜையில் கிடந்த மடலின் அச்சுத் தாள் ஒன்றை உருவி விரல் விரலாகத் துடைத்தார். "அடுத்த மாசம் உன் பேருல ஒரு கட்டுரை போடுறேன். புளியங்கொட்டைக் கணக்கு. போட்டோவோட. உங்க ஆளுகள்ல எவனுக்குய்யா இது வாய்ச்சிருக்கு?"

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சோணைமுத்து தன் போட்டோவை நினைத்துப் பார்த்தான். கோட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தான். குழம்பு வாடையோடு சேர்ந்து அந்த யோசனையும் தொண்டைக்கு வந்தது. மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தான்.

முதுகில் ஒரு கை தட்டிக்கொடுத்தது. அச்சுக்கூடத்து முதலாளி முகைதீன் பிச்சை, சொம்பில் தண்ணீரோடு நின்றார்.

"மேல போய்ட்டு வாரவங்க பாதிப் பேரு இங்கனதான் குனியுறாங்க. கொப்புளிங்க வாத்தியாரே."

"பாய், அந்த ஆனையூர்க் கட்டுரை..."

"தௌபா, அதப் பேசாதீங்க. எழுத்துக் கோத்தவன் நான்." அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துப் போனார். சுவர் ஆணியில் குத்தியிருந்த நீளமான தாள்களில் ஒன்றை உருவினார். எழுத்துக் கோத்ததும் பிழை பார்க்க எடுக்கிற முதல் தாள். ஐந்தாம் பக்கத்துக் கட்டுரை அப்படியே இருந்தது. சங்கிலி, பூஜ்யம் உட்பட. பரீட்சித்த தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. கீழே வெள்ளைத்துரையின் கையெழுத்து, அதோடு அவர் கைப்பட எழுதிய தேதி: மார்ச் மூன்று.

சோணைமுத்து இரண்டு தடவை பார்த்தான். பரீட்சை நடந்ததாகச் சொல்கிற நாளுக்கு ஒன்பது நாள் முந்தியே மார்க் தயார்.

"தேதி அப்புறம் சொல்றேன், எடத்த விட்டு வையிம்பாரு," என்றார் முகைதீன் பிச்சை. "மை ஒட்டுனா மண்ணெண்ணெய் போட்டா போயிரும். இது போக மாட்டேங்குது. எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா சாட்சிக்கு என்னயக் கூப்புடாதீங்க. அவருதான் என் பொழப்பு."

வெள்ளிக்கிழமை காலை சோணைமுத்து கிளம்பும்போது ராமக்காள் வழியில் நின்றாள்.

"நானும் வாரேன்."

"நீ எதுக்குத்தா?"

"எம் மகன் பேரு அங்க இருக்குல்ல. நான் வரக்கூடாதா?"

ஆஜர்ப் புத்தகத்தைப் பற்றி அவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வழி முழுக்கச் சொல்ல வாயெடுத்தான். மதுரை வந்துவிட்டது.

கமிட்டி அறையில் ஏழு மெம்பர்கள். ஒருவர் தூங்கினார். ஒருவர் வேர்க்கடலை உடைத்துத் தோலைக் கம்பளத்தில் போட்டார். தலைவர் சரிகைத் தலைப்பாகைக்காரர். அவர் பக்கத்தில் வெள்ளைத்துரை, சந்தனப் பொட்டோடு. ராமக்காளை வாசலுக்கு உள்ளே விடவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

சோணைமுத்து தாளை நீட்டினான். தலைவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்ன ஓய், மார்ச் மூணுன்னு போட்டிருக்கு?"

வெள்ளைத்துரை அசையவில்லை. "பதிமூணுன்னு எழுத வந்தேன், ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு அச்சுத் தாளை வச்சா ஆராய்ச்சியத் தீர்மானிக்கிறது? இவரோட ஆஜர்ப் புத்தக நகல் இந்தா இருக்கு. மார்ச் பன்னெண்டு. நாப்பத்திரெண்டு பேரும் ஆஜர். சங்கிலியும் ஆஜர்." நகலை மேஜையில் தள்ளினார். "சோணைமுத்து, இது உன் கையெழுத்துத்தானப்பா?"

கடலைக்காரர் இன்னொன்றை உடைத்தார்.

ஆமாம் என்றால் அன்று நாற்பத்திரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், பரீட்சையும் நடந்ததாகிவிடும். வகுப்புப் போகும். இல்லை என்றால் நாற்பது என்ற எண்ணிக்கை உடையும். அப்போதும் வகுப்புப் போகும், கூடவே அவனும் போவான். வாசலில் ராமக்காள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் கையெழுத்துத்தாங்க," என்றான் சோணைமுத்து. "ஆனா பொய். சங்கிலி ஐப்பசியிலயே செத்துட்டான். நாந்தான் தெனமும் ஆஜர் போட்டேன். பதிமூணு பேரு பொய். இவரு பரீட்சை வைக்க வரல. வந்திருந்தா நாப்பத்திரெண்டுன்னு எழுதியிருக்க மாட்டாரு."

தூங்கியவர் விழித்துக்கொண்டு, "பாஸாயிருச்சா?" என்று கேட்டார்.

தலைவர் மடலை மூடினார். செத்தவனை வைத்துச் செய்த ஆராய்ச்சியைத் தீர்மானத்தில் குறிப்பிட அவருக்குப் பயம். வகுப்பை மூடும் யோசனை தள்ளி வைக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் மெம்பர் ஒருவர் நேரில் போய்த் தலை எண்ணுவார். நாற்பது இருந்தால் வகுப்பு இருக்கும். சோணைமுத்துவுக்கு அந்த நிமிஷத்திலிருந்து வேலை இல்லை.

வெள்ளைத்துரைக்கு ஒன்றும் இல்லை. பென்சிலை எச்சில் தொட்டு எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ராமக்காள் முன்னால் நடந்தாள். வைகைப் பாலம் தாண்டியதும் திரும்பாமலேயே கேட்டாள்.

"தெனமுமா போட்ட?"

"தெனமும்."

"நான் அழுது முடிக்க மூணு மாசம் ஆச்சு. நீ அவம் பேருல ஆஜரு போட்டுட்டு வீட்டுக்குப் போயிச் சோறு தின்னியா?"

"தின்னேன்."

"எறங்குச்சா?"

அவள் ரோட்டோரம் காறித் துப்பினாள். அவன் மேல் படாமல்தான் துப்பினாள்.

கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் எம்புட்டுப் புள்ள வேணும்?" என்றாள்.

"பதினொண்ணு."

"சின்னக்கருப்பன் வீட்டுல ரெண்டு புள்ளைக மாடு மேய்க்குது. அன்னக்கொடி மக சும்மாதான் கெடக்கா. நான் போய்க் கேக்குறேன். நீ வராத. உன் மூஞ்சியப் பாத்தா ஒருத்தனும் அனுப்ப மாட்டான்."

அந்த ஒரு மாதம் ராமக்காள் களை வெட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் வீடு வீடாக ஏறினாள். சண்டை போட்டாள். பண்ணையார் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்க்கிறவனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவந்து, பண்ணையாள் கையால் அடியும் வாங்கினாள். அத்தனைக்கும் ஐந்து பிள்ளைகள்தான் தேறின. இருபத்தொன்பதும் ஐந்தும் முப்பத்துநான்கு.

ஏப்ரல் கடைசியில் எண்ணுகிற நாள் வந்தது. புது வாத்தியார் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்தார். செங்கல் சூளையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சோணைமுத்து தூரத்தில் புளியமரத்தடியில் நின்றான். பக்கத்தில் ராமக்காள்.

மெம்பரின் கார் ரோட்டிலேயே நின்றது. அன்று கடலை உடைத்தவர். இறங்கவில்லை. எருக்குழி வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். டிரைவர் ஆரன் அடித்தான். கார் பார்க்கப் பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடின. தோளில் குழந்தையோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மெம்பர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்து, மடிமேல் வைத்த தாளில் ஒரு எண்ணை எழுதி, டிரைவர் தோளைத் தட்டினார். கார் திரும்பிப் போயிற்று. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

அடுத்த மாத மடல் சோணைமுத்துவின் பெயருக்கே வந்தது. பழைய விலாசத்தை யாரும் மாற்றவில்லை. பாண்டியம்மாள் வாசித்தாள். முதல் கட்டுரை 'ஆஜர்ப் புத்தகத்தில் போலிப் பெயர்கள்: நேரில் கண்ட ஆராய்ச்சி'. வெள்ளைத்துரை, எம்.ஏ., எல்.டி. அதன் கடைசி வரி: 'ஆனையூரில் தற்போது நேரில் எண்ணியதில் நாற்பத்தாறு மாணவர். மேல் வகுப்புகள் தொடரும்.'

பாண்டியம்மாள் குதித்துக்கொண்டு ஓடினாள்.

"முப்பத்துநாலுதானண்ணே இருந்துச்சு," என்றாள் ராமக்காள். "நானும் எண்ணுனேன்."

"முப்பத்துநாலுதான்."

"மிச்சம் பன்னெண்டு பேரு யாரு?"

"ஆருமில்ல."

"அவுக பேரு எழுதியிருக்கா?"

"இல்ல. நம்பரு மட்டுந்தான்."

ராமக்காள் மடலை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினாள். எருக்குழி வரை நடந்துபோய் உள்ளே போட்டாள். கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள்.