வாய்க்கால் திறந்த மறுநாள் வந்தவர்கள்

வாய்க்கால் திறந்த மறுநாள் காலையில், எண்பது குடும்பங்கள் படுத்துத் தூங்கிய இடத்தில் நாலாயிரம் பேர் எழுந்தார்கள். அந்த வருஷம் வெங்காயம் சிறுத்திருந்தது, வாற்கோதுமை நன்றாக விளைந்திருந்தது, மீன் சுமார்தான். யூப்ரடீஸின் கீழ்க்கரையில் மூன்று நாணல் குடியிருப்புகள் சேர்ந்து ஒன்பது வருஷம் வெட்டிய வாய்க்கால் அது. வெட்டும்போது சரிந்த கரையில் புதைந்து ஏழு பேர் போனார்கள். அந்த ஏழு பேரில் ஒருவன் ஷாஷாவின் புருஷன் அமர்ஷூபா. மெசாந்து என்கிற மேஸ்திரி மூன்று நாள் கையாலேயே சேற்றைத் தோண்டிப் பார்த்தும் அவன் உடல் கிடைக்கவில்லை.

ஷாஷா குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். முந்நூறு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். வரிசை என்ற ஒன்றை அவள் அதுவரை கண்டதில்லை. ஏதோ வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்து, நேராக முன்னால் போய்க் குடத்தை முக்கினாள்.

"யக்கா, நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியலையா? பின்னால போய் நில்லு" என்று ஒருத்தி கத்தினாள்.

"நீங்கள்லாம் யாரு? எப்ப வந்தீங்க?"

"நல்லாருக்கே கதை! நான் பொறந்ததே இங்கதான். விடிஞ்சதும் விடியாததுமா கள்ளு குடிச்சிட்டு வந்துட்டியா?"

அவர்கள் பொய் சொல்வதாகவும் தெரியவில்லை. அவர்களுடைய மண்செங்கல் வீடுகளில் அடுப்புப் புகை பல வருஷமாய்ப் படிந்திருந்தது, கூரையடியில் பழைய குருவிக்கூடுகள் இருந்தன. குழம்பிப்போன குடியிருப்புக்காரர்கள் மெசாந்துவைத் தேடி ஓடினார்கள். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வாய்க்காலில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் ஏறி நின்று பேசினார். இறங்கலாம் என்று பார்த்தால் அடுத்த ஆள் ஒரு வழக்கோடு வந்து நின்றான். அவர் காலடியில் மேடு மாதம் ஒரு சாண் வளர்ந்தது. ஒரு வருஷத்தில் அவருக்குச் சோறு ஏணி வைத்துத்தான் போயிற்று. அண்ணாந்து பார்த்தால் கண்ணில் வெயில் அடித்ததால் கீழே நிற்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்கள். பிறகு மழைமூட்டமான நாளிலும் குனிந்தார்கள்.

வீடுகள் எல்லாம் ஒரே அச்சாக இருந்தன. ஆட்கள் தவறான வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டுவிட்டுப் பாதித் தூக்கத்தில் தெரிந்துகொண்டு எழுந்து போனார்கள். அதனால் வாசலோரத்தில் ஈர மண்ணை அப்பி அடையாளம் கீறினார்கள்: ஒருவன் மீன், ஒருவன் கதிர், ஒருவன் ஆட்டுத்தலை. ஷாஷாவுக்கு எதைக் கீறுவதென்று தெரியவில்லை. வெறும் மண்ணாகவே விட்டாள். அதனால் அவள் வீட்டுக்குள் யார் யாரோ வந்து போனார்கள்.

அந்த வருஷக் கடைசியில், கிழட்டு மீனவர் ஒருவர் பக்கத்து வீட்டுக் குயவனின் முகத்துக்கு நேராக, "வாய்க்கால் தொறக்கறதுக்கு முந்தி நீ இங்க இல்ல. சத்தியமா இல்ல" என்று மூன்று முறை சொன்னார். உச்சி வேளைக்குள் குயவன், அவன் பெண்டாட்டி, சூளை, இரண்டு ஆடுகள் எல்லாம் போயிருந்தன. அந்த இடத்தில் உப்புப் பூத்த தரை மட்டும் இருந்தது. அதன் பிறகு யாரும் யாரிடமும் அப்படிப் பேசவில்லை.

இரண்டாம் வருஷம், கயிறு திரிப்பவர்கள் தெருவில் ஷாஷா தன் புருஷனைப் பார்த்தாள். சின்ன வயதில் வாத்து கொத்திய இடது காது அப்படியே இருந்தது. தலைமுடியில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது.

"அமர்ஷூபா" என்றாள்.

"ஆமாம்மா. கயிறு எத்தன முழம் வேணும்?"

"என்னத் தெரியலையா?"

அவன் வெகுநேரம் பார்த்தான். "தெரியலையேம்மா. ஆனா தெரியலன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்கு. ஏன்னு புரியல."

உள்ளேயிருந்து ரொட்டி மாவுக் கையோடு ஒருத்தி வந்தாள். கன்குனா என்று பெயர். "இவருகூடத்தான் பதினோரு வருசமாக் குப்ப கொட்டறேன். உனக்கு என்ன வேணும்?"

பதினோரு வருஷத்தில் முதல் ஆறு வருஷம் அவன் ஷாஷாவின் பாயில் படுத்திருந்தான். எண்ணிப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தலை சுற்றியது. கருவாட்டைக் கொடுத்து ஐந்து முழம் கயிறு வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். வீடு முழுக்கக் கயிறாயிற்று. படுக்க இடமில்லாமல் கயிற்றின் மேலேயே படுத்தாள். கோபம் யார்மேல் என்று தெரியாமல் அழுதாள்.

கடைசியில் கன்குனாவே வழக்கை மேட்டுக்குக் கொண்டுபோனாள். "எம் புருசன இவ ஒரு மாதிரி பாக்குறா. என்னன்னு கேளுங்க சாமி." மேட்டைச் சுற்றி ஊரே கூடியது. மெசாந்துவின் குரல் மேலேயிருந்து மெலிசாக வந்தது. "ஷாஷா, இவன் உன் புருசனா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லு."

சேற்றைத் தோண்டிய மனிதர் அவர். அவருக்குத் தெரியும். ஆமாம் என்றால், செத்தவன் எப்படி நிற்கிறான் என்று யாராவது கேட்பார்கள். பிறகு உப்புத் தரைதான். ஷாஷா கன்குனாவைப் பார்த்தாள். சண்டை பிடிக்க வந்தவள், இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தத் தலைச் சேறு தினமும் சீவியும் காய்வதில்லை என்பது கன்குனாவைத் தவிர யாருக்குத் தெரிந்திருக்கும்?

"இல்லைங்க" என்றாள் ஷாஷா. "எங்க வீட்டுக்காரரு சாடை இருந்துச்சு, ஏமாந்துட்டேன். இவர எனக்குத் தெரியாது."

அமர்ஷூபா மட்டும், எதையோ தொலைத்தவன் போலத் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தெரிந்த முகத்தைத் தெரியாது என்று சொல்லலாம் என்பதை அந்த ஊர் அன்றுதான் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அவ்வளவு பேர் நெருக்கமாக வாழ்வது சுலபமாகிவிட்டது.

வருஷங்கள் போயின. மெசாந்து மேட்டின் மேலேயே இறந்தார். அவர் மகன் ஏறினான், மேடு நிற்காமல் வளர்ந்தது. ஊரைச் சுற்றிச் சுவர் வந்தது, சுவருக்குக் காவலர்கள் வந்தார்கள், காவலர்களுக்கு எதிரிகள் வந்தார்கள். ஷாஷா கயிற்றையெல்லாம் படகுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, கயிறு திரிப்பவர்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்கு மாறினாள். காலையில் அவன் "என்னம்மா, சௌக்கியமா?" என்பான். அவள் "இருக்கேங்க" என்பாள். இப்படி முப்பத்தொரு வருஷம். ஏன் அங்கே வந்தோம் என்று சில நாள் அவளுக்கே புரியாது.

ஒரு குளிர்காலத்தில் இருமல் கண்டு அமர்ஷூபா இரண்டாம் முறையாக இறந்தான். இந்தத் தடவை உடல் இருந்தது. கன்குனா பாயில் ஒதுங்கி இடம் விட்டாள். ஷாஷா உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அப்போது ஊரில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அவளைத் தெரியாது.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரே தெரு" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, அடுத்து வருபவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.