இடது பக்கத்து ஆக்ஸில்

ரூனேயின் கொட்டகையில் அந்த வண்டி இரண்டு குளிர்காலமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அறுபத்தாறாம் வருஷத்து வால்வோ அமேசான், வெளிர்நீலம். பைன் மரத்தில் மோதியதில் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஓட்டிவந்தவன் யோக்கே. ரூனேவுக்கும் சீவுக்கும் ஒரே பிள்ளை, இருபத்துமூன்று வயசு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், யேவ்லே டவுனில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில், வளைவில் இடது பின்சக்கரம் கழன்று தனியாக ஓடிவிட்டது. வண்டி ஒருபக்கம் போனது, பிள்ளை ஒரேயடியாகப் போய்விட்டான்.

அப்படிப்பட்ட வண்டியை எந்த மனுஷன் வீட்டில் வைத்திருப்பான்? ரூனே வைத்திருந்தார். விற்க மனசு வரவில்லை, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கத் தைரியமும் வரவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். அந்த வருஷம் மே மாசம், யோக்கேயின் பிறந்தநாளுக்கு, பின்சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கிற ஆக்ஸில் தண்டு இரண்டையும் கழற்றிவிட்டுப் புதுசாக ஜோடி வாங்கி மாட்டிக்கொடுத்தவர் ரூனேதான். நாலு மாசம் கழித்து இடது ஆக்ஸில் உடைந்துவிட்டது. போலீஸ்காரர்கள் தந்த பரிசோதனைக் காகிதத்தில் அது மட்டும்தான் இருந்தது. சீவ் அதைப் படித்துவிட்டு, "இத மாட்டுனது யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான்" என்றார் ரூனே. அதற்கப்புறம் அந்த வீட்டில் உப்பு எங்கே, விறகு தீர்ந்துபோச்சு, கரண்ட் பில் வந்திருக்கு, இவ்வளவுதான் பேச்சு.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குக் காபியும் கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்தபோது மட்டும் ஒருதடவை, கையில் கெட்டிலோடு நின்றபடியே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அவள் சொன்னாள்: "நீ மாட்டுன இரும்புதான் எம் புள்ளையக் கொன்னுச்சு." சுற்றுவட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் பின் ஆக்ஸில் என்றால் ரூனேவைத்தான் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவர் கைவேலை சொந்தப் பிள்ளையைக் காவு வாங்கிவிட்டது. நட்டைச் சரியாக முறுக்கவில்லையா, ஆக்ஸில் முனையில் செருகுகிற சாவித்துண்டு சரியாக உட்காரவில்லையா, கடைக்காரன் வேறு மாடலுடையதைக் கொடுத்ததைப் பார்க்காமல் மாட்டிவிட்டோமா என்று அவர் படுக்கையில் புரண்டு புரண்டு ஆயிரம் தடவை அந்த வேலையைத் திரும்பச் செய்துபார்த்தார்.

இந்த ஏப்ரலில் பனி உருகித் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் சீவ் சொன்னாள். "மாசக் கடைசியில ஊருல வசந்தத்துக்குச் சொக்கப்பான கொளுத்துறதுக்குள்ள அந்த வண்டி இங்கேருந்து போயிரணும்."

அதனால்தான் ஸ்டூரே வந்தார். ஸ்டூரே மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரூனேவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர், வாய் கொஞ்சம் நீளம். அவரிடமும் ஒரு அமேசான் இருந்தது. அதன் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரம் தேய்ந்து, ஓடும்போது ஓநாய் மாதிரி ஊளையிட்டது. யோக்கே வண்டியின் பின் ஆக்ஸில் அதே வகையாக இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும், மிச்சத்தை இரும்புக்கடைக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு.

"நீ உள்ள போய் உக்காருடா, நானே கழட்டிக்கிறேன்," என்றார் ஸ்டூரே.

"உங்கிட்ட விட்டா சுத்தியலத் தூக்கிருவ. தள்ளு," என்றார் ரூனே. தார்ப்பாயைத் தானே இழுத்தார். முன்பக்கம் போகவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டார்.

ஆக்ஸில் கூட்டின் மூடியில், ஒரு போல்டுக்குக் கீழே சின்னத் தகரத் துண்டு இருக்கும். எந்த வகை ஆக்ஸில் என்று சொல்லும் எண் அதில்தான் இருக்கும். வண்டி எந்த வருஷம் என்பதை வைத்துச் சாமான் வாங்குகிறவன் முட்டாள் என்பது ரூனேயின் வேதம். அறுபது வருஷத்தில் எத்தனை பேர் எத்தனை ஆக்ஸிலை மாற்றியிருப்பார்களோ! கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, டார்ச் அடித்து எண்ணைப் படித்தார்.

"உன்னுது என்ன நம்பர்?"

ஸ்டூரே சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து வாசித்தார்.

"அதேதான். யோகக்காரன்டா நீ."

"இதப்போயி யோகம்னு சொல்லாதடா," என்றார் ஸ்டூரே. குரல் இறங்கிப்போயிருந்தது.

முதலில் வலது பக்கம். சக்கரத்தைக் கழற்றி, நட்டின் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தினார்கள். அதற்கப்புறம்தான் வில்லங்கம். இந்த வண்டியில் பிரேக் டிரம்மும் சக்கரம் உட்காருகிற ஹப்பும் ஒன்றாக ஆக்ஸிலின் கூம்பு முனையில் கவ்விப் பிடித்திருக்கும். அதை இழுக்க ஒரு கனத்த புல்லர் வேண்டும். அவசரக்காரர்கள் நட்டைத் திருப்பி மாட்டி, ஆக்ஸில் முனையில் சம்மட்டியால் போடுவார்கள். ஹப் கழன்றுவிடும். ஆனால் உள்ளே எங்கே விரிசல் விட்டது என்று கண்ணுக்குத் தெரியாது. யூஸ்டால் வட்டாரத்திலேயே நல்ல புல்லர் ரூனேவிடம் மட்டும்தான் இருந்தது. எவனுக்கும் இரவல் கிடையாது. வேண்டுமென்றால் வண்டியை இங்கே கொண்டுவா, நான் கழற்றித் தருகிறேன், கூடவே நாலு வசவும் வாங்கிக்கொண்டு போ. அதுதான் அவர் சட்டம்.

புல்லர் திருகத் திருக, ஒரு கட்டத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் வந்து டிரம் விடுபட்டது. ரூனே ஆக்ஸிலை உருவி வெளியே எடுத்தார். கறுப்புப் பூச்சு, முனையில் மின்னூசியால் எழுதின எண், பற்கள் எல்லாம் கூர் கூராக இருந்தன. அவர் மே மாசம் மாட்டினது. அதை மடியில் வைத்து விரலால் தடவிப்பார்த்தார்.

"இது நல்லாத்தாண்டா இருக்கு," என்றார் ஸ்டூரே.

"இதோட ஜோடிதான் ஒடஞ்சுது," என்றார் ரூனே.

இடது பக்கம் புல்லருக்கே வேலையில்லை. கழன்று ஓடின டிரம்மை, உடைந்த முனையோடு அப்படியே ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் போட்டுவைத்திருந்தார்கள் போலீஸ்காரர்கள். கூட்டுக்குள் இருந்த நீளத் துண்டை ரூனே பிடித்து இழுத்தார். அது வெளியே வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார், துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

அது கறுப்பாக இல்லை. பழுப்பேறிய பழைய இரும்பு. மின்னூசி எண் இல்லை, இரும்பில் அடித்த பழைய முத்திரைதான் இருந்தது. பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஏதோ பழைய வண்டியிலிருந்து கழற்றினது, குறைந்தது நாற்பது வருஷம் ஓடினது.

"ஸ்டூரே, இது என்னுது இல்ல."

"என்னடா சொல்ற?"

"நான் ஜோடியா மாட்டுனேன்டா. இங்க பாரு, வலது கறுப்பு. இது வேற. நான் இதத் தொட்டதே இல்ல!"

சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். டிரம்முக்குள் உடைந்த முனை நட்டோடு இருந்தது. முனை சம்மட்டி அடி வாங்கிக் காளான் மாதிரி விரிந்திருந்தது. நட்டு ஏறுவதற்காக யாரோ அதை அரத்தால் ராவியிருந்தார்கள். உடைந்த பரப்பில் முக்கால்வாசி கறுத்துப்போயிருந்தது, ஓரத்தில் நகக்கண் அளவுக்குத்தான் பளபளப்பு. அதாவது விரிசல் பழசு. மாட்டும்போதே உயிர் போய்விட்ட இரும்பு, அந்தத் துளியை மட்டும் பிடித்துக்கொண்டு கொஞ்சநாள் ஓடியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு இது திறந்த புஸ்தகம். இரண்டு வருஷம் ஒரு சாக்கு தூரத்தில் கிடந்திருக்கிறது, பயந்தாங்கொள்ளி மனுஷன் பிரித்துப் பார்க்கவில்லை!

ஸ்டூரே கீழே கிடந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ரூனே, எனக்கு இப்பத்தான்டா உறைக்குது. அந்த ஆகஸ்ட்ல யோக்கே எங்கிட்ட வந்தான். ‘மாமா, புல்லர் இருக்கா?’ன்னான். ‘எங்கிட்ட ஏதுடா, உங்கப்பங்கிட்ட மலையாட்டம் ஒண்ணு இருக்கே’ன்னேன். தலையச் சொறிஞ்சான். பசங்களோட சேந்து ரோட்டுல டயரத் தேச்சு வெளாண்டுருக்கான், நீ மாட்டுன எடது ஆக்ஸில் முறுக்கிக்கிச்சாம். ‘அப்பாகிட்ட கேட்டா ஏன் எதுக்குன்னு கேப்பாரு. பொறந்தநாளுக்குப் போட்டது மாமா, கொன்னுபுடுவாரு’ன்னான். நான் சிரிச்சேன்டா. எப்படியும் உங்கிட்டதான் வந்து மாத்திருப்பான்னு நெனச்சேன், பாவிப்பய நான், சிரிச்சுட்டு அனுப்பிட்டேன்."

ரூனே உடைந்த முனையைக் கையில் எடுத்தார். பழைய இரும்புக்கடையில், எவனோ கைவிட்ட வண்டிக்கு அடியில் தன் பிள்ளை சம்மட்டியோடு குந்தியிருந்ததை நினைத்துப்பார்த்தார். சம்மட்டி கூடாது என்று அவனுக்குத் தெரியும். பத்து வயசிலிருந்து காதில் ஓதினது. தெரிந்தே அடித்திருக்கிறான். எதற்கு? அப்பன் வாய்க்குப் பயந்து. பதினெட்டு வயசில் ஒருதடவை அந்தப் புல்லரைக் கேட்காமல் எடுத்ததற்கு, சிநேகிதர்கள் முன்னாடியே, "ஒன்னய மாதிரி கையாலாகாதவன் கையில குடுக்குற சாமானா இது?" என்று ரூனே கேட்டிருந்தார். அன்றைக்கு அது அவருக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை.

ஸ்டூரே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, போனது போச்சு. நீ எந்திரி. ரெண்டையும் கையில எடுத்துட்டுப் போயி சீவ்கிட்ட காட்டு. ரெண்டு வருஷமா செய்யாத தப்புக்குச் சிலுவை சுமந்துருக்க. இன்னிக்கோட எறக்கி வையி."

ஆமாம், இறக்கி வைத்துவிடலாம். ரூனேவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது, அதை மறைக்க முடியாது. மனுஷன்தானே! கறுப்பு ஆக்ஸிலையும் பழைய துண்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு, சேறு மிதித்து முற்றத்தைத் தாண்டி, சமையலறைக் கதவை முழங்கையால் தள்ளினார்.

சீவ் ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"அதுவா?" என்றாள்.

"அதுதான். சீவ், நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் மொதல்ல சொல்லிர்றேன். இல்லேன்னா சொல்ல வராது." கத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள். "உங்கிட்டதான் நான் பேசுறதில்ல. அவங்கிட்ட தெனம் பேசுறேன், கல்லறைக்குப் போயி. என்ன பேசுறேன் தெரியுமா? ‘ஒம்மேல ஒரு தப்பும் இல்லடா கண்ணு, நீ ஒழுங்காத்தான் ஓட்டிட்டு வந்த, அம்மாவப் பாக்கத்தான் வந்த’ன்னு. போலீஸ்காரனே சொன்னான்ல, வேகமாக்கூட வரலேன்னு. எம் புள்ள அவனா எதையும் கெடுத்துக்கல. காலையில எந்திரிச்சா கால் தரையில பாவுதுன்னா அந்த ஒரு நெனப்புனாலதான் பாவுது, ரூனே. அதுக்காக உன்ன நான் ரொம்ப நோகடிச்சுட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். யார்மேலயாவது போட்டாத்தான் என்னால நிக்க முடிஞ்சுது."

சொல்ல வந்த வார்த்தை ரூனேவுக்கு நாக்கு நுனியில் இருந்தது. அவன் டயரைத் தேய்த்து விளையாடினான், நான் கொடுத்ததைக் கெடுத்தான், என்னிடம் மறைத்தான், குப்பையிலிருந்து எடுத்து மாட்டினான். நாலே வாக்கியம்தான். சொல்லி முடித்தால் இவருக்குப் பாரம் இறங்கும். அப்புறம் நாளைக்குக் காலையில் இவள் கல்லறைக்குப் போய் எதைச் சொல்லுவாள்?

"இப்ப சொல்லு," என்றாள் சீவ். "என்ன பாத்த? ஒடஞ்சது நீ மாட்டுனதுதானா?"

"நான் மாட்டுனதுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். அவன் கையே படல. தப்பு என்னுதுதான் சீவ். முழுக்க என்னுதுதான்."

கடைசி வார்த்தை வெளியே வரும்போதுதான் அதில் பாதிக்குமேல் பொய்யில்லை என்று அவருக்கே விளங்கியது. இரண்டு இரும்பையும் வாசற்படி ஓரமாகப் போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்தார். விழுந்தவர் அழுதார். அடக்கத்தன்றைக்கு அழாத மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக அழுதார்.

சீவ் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "‘நான் மாட்டுனேன்’னு சொன்ன. ‘தப்பு என்னுது’ன்னு ஒருநாளும் சொல்லலியே ரூனே. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்துக்கிட்டுருந்தேன்," என்றாள். கிரீஸ் ஒட்டின அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கப்புறம் அவள் அவரைத் தொடுகிறாள்.

"மன்னிச்சுட்டேன்," என்றாள். "போதும். நீயும் விட்டுரு."

வாசலில் ஸ்டூரே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நடந்ததைக் கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறக்கப் போனவரைப் பார்த்து ரூனே தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வாய் நீளமான அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

சீவ் அவர் கையை விடவில்லை. இதற்காகத்தான் ரூனே இரண்டு வருஷம் ஏங்கினார், கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் மன்னித்தது அவர் செய்யாததை. அவர் செய்ததை மன்னிக்க வேண்டியவனோ, அப்பனிடம் ஒரு சாமானைக் கேட்கப் பயந்தபடியே செத்துப்போயிருந்தான்.