பதினாறு ஜிபி மாப்பிள்ளை

லேப்டாப்பின் அடிமூடியை மறுபடியும் கழற்றினார் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் வந்த பெயர். கடுகளவு திருகாணிகூட அவர் விரலுக்கு அடங்கிவிடும். இந்தப் பழைய லேப்டாப்தான் காலையிலிருந்து அடங்க மாட்டேன் என்கிறது.

புதிதாக வாங்கிய ரேமைப் பொருத்தினால் விளக்கு எரிகிறது, உள்ளே காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கும்மிருட்டு. பழைய ரேமைத் திரும்பப் போட்டால் எழுந்து உட்காருகிறது. ஆனால் காமிராவைத் திறந்த மறுகணமே படம் உறைந்துபோகிறது. அதற்காகத்தானே புதுசே வாங்கியது!

நாலு மணிக்கு அவர் மனைவி ஆன்லைனில் மாதிரி வகுப்பு எடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்காரர்கள் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் கணக்கு டீச்சர் வேலை. பிள்ளைகளுக்காக வீட்டோடு இருந்துவிட்டவளுக்கு வெகுகாலம் கழித்து வந்த முதல் அழைப்பு.

"என்னங்க, தம்பியைக் கூப்பிடட்டுமா?"

சுருக்கென்றது அவருக்கு. தம்பி என்றால் அவள் தங்கையின் புருஷன். அவருக்குச் சகலை. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். மாமனார் வீட்டில் டிவி மக்கர் பண்ணினால் அவன்தான் வரவேண்டும். போனில் எழுத்து பெரிதாகத் தெரியவேண்டுமா, அதற்கும் அவன்தான். இத்தனைக்கும் மாமனார் மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி மூத்த மாப்பிள்ளை போட்டுக்கொடுத்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "சின்ன மாப்பிள்ளை கை பட்டாலே போதும்" என்பார் மனிதர். வயிறு எரியுமா எரியாதா?

"ஒண்ணும் வேண்டாம். தூசி அடைச்சிருக்கும்."

ரப்பரை எடுத்து ரேமின் மஞ்சள் பற்களைத் தேய்த்தார். ஊதினார். மறுபடி அழுத்தினார். இருட்டுதான்.

நிமிர்ந்தால், மனைவி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஸ்பீக்கரில் சகலை.

"அண்ணா, பழசு போட்டா வருதா?"

"வருது."

"அப்ப லேப்டாப்புக்கு ஒண்ணும் இல்ல. புதுசு எத்தனை ஜிபி? நான் சொன்ன எட்டுதானே?"

அங்கேதான் நாக்கு புரண்டது. எட்டு வாங்கச் சொன்னது உண்மை. ஆனால் கடையில் நின்றபோது, சகலை வீட்டிலும் எட்டுதான் என்பது ஞாபகம் வந்து தொலைத்தது. அவனுக்கு எட்டு, நமக்கும் எட்டா? தேடிப்பிடித்துப் பதினாறாக வாங்கி வந்திருந்தார்.

"எட்டுதான்" என்றார்.

"எட்டுன்னா வந்தே ஆகணுமே! சரி, அந்த ரேமே டெட் போல. விடுங்க, என் லேப்டாப்பைக் கொண்டு வரேன். அக்கா அதுல கிளாஸ் எடுக்கட்டும்."

கண்ணாடிக்காரருக்குக் கண்முன் ஒரு காட்சி ஓடியது. சகலையின் லேப்டாப்பில் மனைவிக்கு வேலை கிடைக்கிறது. மாமனார் ஊரெல்லாம் சொல்கிறார். ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

"என் பாடம், படம், போர்டுல எழுதற பேனா எல்லாம் இதுல செட் பண்ணி வெச்சிருக்கேன் தம்பி" என்றாள் மனைவி. "புது மெஷின்ல எனக்குக் கை ஓடாது." சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "போகட்டும். வர முடியலைன்னு சொல்லிடறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். வாரிப் பின்னியிருந்த தலையை அவிழ்க்க ஆரம்பித்தாள். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"தம்பி... பதினாறு."

"என்னது?"

"வாங்கினது பதினாறு. எட்டுன்னு பொய் சொன்னேன்."

மனைவியின் கை பின்னலில் அப்படியே நின்றது.

"அட, அதை முன்னாடியே சொல்லக்கூடாதா! அந்தப் பழைய லேப்டாப் எட்டுக்கு மேல தாங்காதுண்ணா. என் பையில எட்டு ஒண்ணு கிடக்கு. இதோ வந்துட்டேன்."

அவன் வண்டி வந்து நிற்பதற்குள் மனைவி தலையைத் திரும்பப் பின்னி முடித்திருந்தாள். அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அதுவே போதுமாயிருந்தது.

மூச்சிரைக்க வந்த சகலை ரேமை அவர் உள்ளங்கையில் வைத்தான். "நீங்களே மாட்டுங்கண்ணா. பொடி ஸ்க்ரூன்னா எனக்குக் கை உதறும்."

ஏன் பதினாறு வாங்கினீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவேண்டுமே? ஊஹூம். ஒரு நமுட்டுச் சிரிப்பு? அதுவும் இல்லை. பார்த்தாயா, பெரிய மனசையும் இவனே மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று புதிதாக ஒரு புகைச்சல் கிளம்பியது அவருக்குள். பொருத்தினார். திரை பளிச்சென்று விழித்தது.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் பாடம் நடத்தினாள். வெளியே படிக்கட்டில் சகலைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பின்னங்களைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்த குரல் எங்கேயும் உறையவில்லை.

கதவு திறந்தது. "எடுத்துக்கிட்டாங்க! அடுத்த வாரமே வரச் சொல்லிட்டாங்க!"

"சூப்பர்க்கா!" என்று சகலை கைதட்டினான். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். அவள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

சகலையை வழியனுப்பிவிட்டு வந்தவர், திருகாணிகளைப் பெட்டிக்குள் போட்டபடி மெதுவாகக் கேட்டார்:

"கதவைத் திறந்ததும் முதல்ல யாரைப் பார்த்தே?"

"தெருநாய் உள்ள ஓடி வந்துடப் போகுதேன்னு வாசல் கேட்டைப் பார்த்தேன்" என்றாள் அவள். "அந்தப் பதினாறை நாளைக்கே கடையில திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."