சங்கத்து லேண்ட்ரோவர்

கல்லுமலைத் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் என்று ஒன்று இருந்தது. பெயரே சொல்கிறது, அதன் உதவி வேண்டுமென்றால் முதலில் ஒரு மரணம் வேண்டும். பந்தல், பெட்டி, மேளம் எல்லாவற்றுக்கும் சங்கம் முன்னால் வந்து நிற்கும். அந்தச் சங்கத்துக்கு ஒரு லேண்ட்ரோவரும் சொந்தம். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார் மலை மலையாக ஏறித் திரிந்த பச்சை வண்டி. இஞ்சின் இறுகிப்போனதும் அப்போதிருந்த துரை, “பொணம் தூக்க வச்சுக்கங்க” என்று பெரிய மனதோடு சங்கத்தின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். அது ஒரு பிணத்தையும் தூக்கவில்லை. மடுல்சீமைப் பக்கம் பெய்கிற மழையெல்லாம் பாதிக் கூரை போன தகரக் கொட்டகை வழியாக அதன் தலையில் பெய்தது. தரையைப் பொத்துக்கொண்டு ஒரு கொய்யாக் கன்று டிரைவர் சீட்டுக்கு நேராக வளர்ந்து நின்றது.

அந்த வண்டியைத்தான் தனுஜா கேட்டாள். சங்கக் கூட்டத்தில், ஆண்கள் மட்டும் பேசி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எழுந்து கேட்டாள்.

“செத்தாத்தான் ஒதவுவீங்களா? சாகாம இருக்கிறதுக்கு ஒதவ மாட்டீங்களா? வண்டியக் குடுங்க, நான் ஓட வைக்கிறேன்.”

தலைவர் குடித்த தேநீர் புரையேறியது. யாரும் சிரிக்கவில்லை. அவள் எதை நினைத்துக் கேட்கிறாள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் அவள் தங்கை தயானிக்குக் காலையிலேயே வலி எடுத்தது. அம்புலன்ஸ் கீழே தார் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருப்பது ரோட்டு இல்லை, ரோட்டு என்று பெயர் வைத்த கல்லுக் குவியல். தோட்டத்தில் ஓடியது கொழுந்து லொறி ஒன்றுதான். அது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றது. நிறுவை முடியாமல் லொறியை எடுக்கக் கூடாது என்பது புதுத் துரையின் கட்டளை. தயானி கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் கிலோ கிலோவாக இலை நிறுத்தார்கள். கடைசிச் சாக்கு ஏறியபிறகுதான் லொறி நகர்ந்தது. பசறை டவுனுக்குப் போகுமுன் பிள்ளை பிறந்து, பிறந்த கையோடு போய்விட்டது. துக்க வீட்டுக்கென்று தோட்டத்திலிருந்து தேயிலைத்தூள் வந்தது.

தனுஜா அப்போது குவைத்தில் இருந்தாள். சமையல் வேலைக்குப் போனவள், அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிற டிரைவராகவும் ஆகியிருந்தாள். செய்தியைப் போனில் கேட்டாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. ஊருக்கு வந்து, பதுளையில் இலங்கை லைசன்ஸும் எடுத்தாள். இப்போது தயானி மறுபடியும் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அந்த மாதமும் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை இலைச் சாக்குக்குப் பக்கத்தில் காத்துக் கிடக்கக் கூடாது. தனுஜாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தலைவர் கடைசியில் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது, “புதுத் தொர காதுக்குப் போனா நான் குடுக்கலன்னு சொல்லிருவேன்” என்றார்.

“சொல்லுங்க. சாவிய நான் களவெடுத்தேன்னே சொல்லுங்க” என்றாள் தனுஜா.

உதவிக்கு மூன்று பேர் வந்தார்கள். பசறையில் சின்ன கராஜ் வைத்திருக்கிற ஷிபான், தனுஜாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது வண்டியா, வெவசாயமா?” என்று கொய்யாக் கன்றைக் காட்டிக் கேட்டான். ஆனால் அடுத்த ஞாயிறே மோட்டார் சைக்கிள் நிறையச் சாமான்களோடு வந்து நின்றான். தோட்டத்து பெக்டரியில் வெல்டிங் செய்கிற விஜேந்திரன் வந்தார். தயானியின் கணவன் ரமேஸ் வந்தான். அவனுக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சொன்னதைத் தூக்குவான், சொன்னதைத் தேய்ப்பான், மனைவியைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் கை நின்றுவிடும்.

மேல்கூடு அலுமினியம் என்பதால் துருப் பிடிக்கவில்லை. அடிச்சட்டமான சேசிதான் தின்றுபோயிருந்தது. விஜேந்திரன் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, அறுத்து, ஒட்டுப் போட்டார். ஷிபான் இஞ்சினுக்குள் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டான். பிறகு வண்டியை நாலாம் கியரில் போட்டு எல்லோரும் முன்னும் பின்னுமாக ஆட்டினார்கள். அசையவில்லை. மறுபடி ஊற்றினார்கள், மறுபடி ஆட்டினார்கள். ஒருநாள் மத்தியானம் உள்ளே ‘கடக்’ என்று ஒரு சத்தம். ஷிபான் அப்படியே சேற்றில் உட்கார்ந்து சிரித்தான். சீட்டுக்குத் துணி இல்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை வெட்டித் தனுஜா தைத்துப் போட்டாள்.

கொட்டகைக்கு பெக்டரியிலிருந்து போன மின்சாரம் ஒருநாள் நின்றது. புதுத் துரை வயரை வெட்டச் சொல்லியிருந்தார். அன்று சாயந்தரமே தனுஜாவை ஒபிசுக்குக் கூப்பிட்டார்.

“வண்டி சங்கத்து வண்டியா இருக்கலாம். ரோட்டு தோட்டத்து ரோட்டு. என் பெர்மிசன் இல்லாம அதுல ஒரு சக்கரமும் உருளக் கூடாது. வெளங்குதா?”

“வெளங்குது சார்.”

“அப்ப நிப்பாட்டிருங்க.”

“வெளங்குதுன்னுதான் சார் சொன்னேன். நிப்பாட்டுறேன்னு சொல்லலியே.”

மறுநாள் ஷிபான் ஒரு ஜெனரேட்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். அது போட்ட சத்தம் துரையின் பங்களா வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அதை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

இஞ்சின் பிடித்துவிட்டது. பிரேக்கும் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து ஓட்டிப் பார்ப்பதென்று பேசி வைத்தார்கள். தயானியின் வயிற்றில் இருந்தது ஞாயிறுவரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, ரமேஸ் லயத்து வீட்டிலிருந்து செருப்பில்லாமல் கொட்டகைக்கு ஓடி வந்தான்.

“மதினி, வலி வந்துருச்சு!”

தனுஜாவும் அவனும் ஓடிப்போய்த் தயானியைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கூட்டி வந்தார்கள். விஜேந்திரன் கருவிப் பையோடு முன்னால் ஏறினார். பின்னால் மெத்தை விரித்து, ரமேஸ் தயானியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். லேண்ட்ரோவர் இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் கர்ஜித்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தது. விஜேந்திரன் ஷிபானுக்குப் போன் போட்டு, “டேய், தார் ரோட்டுக்கு வந்து நில்லு” என்று கத்தினார்.

ரோட்டு மடுவத்தைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறது. நிறுவை நேரம். கொழுந்துச் சாக்கோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். லொறியும் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. தனுஜா அதை விலக்கி ஓரமாக எடுத்தாள். கரை மழையில் ஊறிக் கிடந்தது; இடது பின்சக்கரம் நழுவி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. எவ்வளவு அமுக்கியும் சேறுதான் பறந்தது.

“வந்து ஒரு கை தள்ளுங்க!” என்று தலையை வெளியே போட்டுக் கூப்பிட்டாள்.

ஒருவரும் வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அத்தனை பேரும் ரோட்டை விட்டு இறங்கிக் கானுக்குள் நின்றார்கள். தலை குனிந்திருந்தது. கங்காணி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்திருந்தார். துரையின் வண்டி வந்தால் அந்தத் தோட்டத்தில் அப்படித்தான் நிற்பார்கள். அப்பன் நின்றான், பாட்டன் நின்றான். அந்த இஞ்சின் சத்தம் காதில் விழுந்தவுடன், அந்தப் பச்சை நிறம் கண்ணில் பட்டவுடன், யார் என்ன என்று பார்க்காமல் கால் தானாக இறங்கிவிட்டது. குனிந்த தலைக்கு டிரைவர் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? தனுஜா ஹோர்னை அமுக்கினாள். தலைகள் இன்னும் கொஞ்சம் குனிந்தன.

அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து தயானி கத்தினாள். வலியும் கோபமும் ஒன்றாக வந்த குரல் அது.

“யாருக்குடி கும்புடுறீங்க? உள்ள தொர இல்லடி, நான்தான் தயானி! போன வருசம் இந்த எடத்துலதான் எம்புள்ளைய வச்சுக்கிட்டு காத்துக் கெடந்தேன். இந்தப் புள்ளையும் போகணுமா? தலையத் தூக்குங்கடி! வந்து தள்ளுங்க!”

முதலில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு எல்லாம் நிமிர்ந்தன. “அய்யய்யோ, நம்ம தனுஜாடி!” என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நொடி கொழுந்துச் சாக்குகள் ரோட்டில் விழுந்தன. பெண்கள் கானுக்குள்ளிருந்தே தோளைக் கொடுத்தார்கள். கங்காணி துண்டைச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். வண்டி எகிறி ரோட்டில் ஏறியது.

ஏறி அடுத்த வளைவு திரும்பவில்லை, எதிரே துரையின் புத்தம்புது வெள்ளைப் பிக்கப்.

ரோட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். கல்லுமலையில் துரையின் வண்டியைக் கண்டால் லோட் ஏற்றிய லொறிகூடப் பின்னால் போய் ஒதுங்கி நிற்கும். துரை கண்ணாடியை இறக்கி, கையை ஆட்டினார்.

“ரிவர்ஸ் எடு!”

தனுஜா ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். இறங்கிப் போய் அவர் ஜன்னலருகே நின்றாள்.

“முடியாது சார்.”

“நான் ஏறி வர்றேன், நீ எறங்கி வர்றே. ஏறுற வண்டிக்குத்தான் வழி. சட்டம் தெரியாம எவன் ஒனக்கு லைசன்ஸ் குடுத்தான்?”

“சட்டம் தெரியும் சார். நாந்தான் பின்னால போகணும். வண்டியில ரிவர்ஸ் கியரும் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா போக மாட்டேன். பின்னால போய்ப் போய்த்தான் ஒரு புள்ளையப் பொதச்சோம்.”

துரை எதையோ சொல்ல வாயெடுத்தார். அவர் கண் அவளைத் தாண்டிப் போயிற்று. மடுவத்திலிருந்த பெண்கள் எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். ரோட்டு ஓரத்தில் அகலமான கான் இருந்தது. ஒருவரும் அதில் இறங்கவில்லை. ரோட்டின் நடுவே, லேண்ட்ரோவருக்கு இரண்டு பக்கமும், துரையின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். கொழுந்து நிறுக்காமல் கிடந்தது. அதை நிறுக்கச் சொல்ல வேண்டிய கங்காணி சேற்றுத் துண்டை உதறி, அவருக்கு முன்னாலேயே தலையில் கட்டினார்.

வண்டிக்குள்ளிருந்து தயானி இன்னொரு தரம் அலறினாள்.

துரையின் முகம் சிவந்தது. கண்ணாடியை ஏற்றினார். வெள்ளைப் பிக்கப் பின்னால் போகத் தொடங்கியது. அந்த ரோட்டில் பின்னால் போய் அவருக்குப் பழக்கமில்லை. வளைவுக்கு வளைவு கரையில் இடித்துக்கொண்டு போனார். லேண்ட்ரோவர் முட்டாத குறையாக அவரைத் தள்ளிக்கொண்டே இறங்கியது. விஜேந்திரன் எட்டி எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் ஒடிங்க சார், அப்பிடித்தான்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் அகலமான ஒரு திருப்பத்தில் பிக்கப் ஒதுங்கியது. அதைக் கடக்கும்போது தனுஜா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

தார் ரோட்டில் ஷிபான் மோட்டார் சைக்கிளில் காத்து நின்றான். பசறை முழுக்க ஹோர்னை அடித்துக்கொண்டு முன்னால் போய் வழி எடுத்துக் கொடுத்தான். பதுளை ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது ரேடியேட்டர் ஆவி கக்கியது. தயானியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கஷ்டம். நாலு பேரும் படிக்கட்டில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷிபான்கூடப் பகிடி விடவில்லை. நர்ஸ் வெளியே வந்து, பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். ரமேஸ் அவள் காலில் விழப் போனான், விஜேந்திரன் பிடித்துத் தூக்கினார். தனுஜா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். குவைத்தில் அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதாள்.

அவள் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் போன் அடித்தது. தோட்டத்து ஒபிசிலிருந்து கிளாக்கர். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“தனுஜா, தொர பக்கத்துல நிக்கிறாரு. வண்டிய இனிமே தோட்டத்து ரோட்டுல கொண்டு வரக் கூடாதாம். சட்டப்படி நடவடிக்கை எடுப்பாராம்.”

“தொரகிட்ட சொல்லுங்க” என்றாள் தனுஜா, போனுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கும்படியாக. “ஆஸ்பத்திரியிலருந்து விட்டதும் புள்ளையோட வருவோம். அன்னிக்கு நாங்க ஏறி வாற வண்டி. சட்டப்படியே அவருதான் பின்னால போகணும்.”